சீதனக் காரின் புகை

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் பழைய வகுப்புக்காரிகள் கூடியிருந்தபோது நான் ஏன் அப்படிச் சீறி விழுந்தேன் என்று உங்களில் இருவர் பிறகு தொலைபேசியில் கேட்டீர்கள். ஒருத்தி தன் வீட்டு வானுக்கு எஞ்சின் புதிதாகச் செய்து எடுத்த கதையைச் சொன்னாள். புது வாகனத்தின் விலை இன்று எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது, அதனால் பழையதைத்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருக்கிறது என்றாள். அதுவரை சரி. பிறகு, அந்த எஞ்சினைப் பச்சைப் பிள்ளை போலப் பார்க்கிறோம், தெருவில் எடுப்பதே இல்லை, காலையில் ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் சும்மா உறும விடுவதோடு சரி என்றாள். நான் தேநீர்க் கோப்பையைத் தட்டென்று வைத்துவிட்டு, றோட்டில் இறக்கு, பாரம் ஏற்றி ஓட்டு, இல்லாவிட்டால் அதைத் தூக்கிக் கடலில் போடு என்று கத்தினேன். இவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தீர்கள். என்ன தெரியும் என்று இப்போது சொல்கிறேன்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அரியாலையில் கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே எங்கள் வீடு. பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம், உங்களுக்கும் நினைவிருக்கும். புதுக் கார் எதுவும் நாட்டுக்குள் இறங்குவதில்லை. ஒரு மொறிஸ் மைனரை வைத்திருந்தவன் அதைத் தன் வளவோடும் கிணற்றோடும் சேர்த்துச் சொத்தாகக் கணக்கிட்டான். என்னைப் பெற்ற ஐயா தலைமையாசிரியர். அவரிடமும் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. பாசி நிறம். இருக்கைகளில் சூடேறிய றெக்சீன் மணமும் ஐயாவின் சந்தன மணமும் கலந்து வரும். கை போல நீண்டு மடங்கும் சைகை விளக்கு ஒன்று கதவுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. அதை நான் ஒருநாள் இழுத்துப் பார்த்து, அது உள்ளே போகாமல் நின்றுவிட, வாங்கிய குட்டு இன்னும் உச்சியில் இருக்கிறது.

ஐயாவுக்குத் தூரப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. தெரிந்த ஒழுங்கைக்குள் மெல்ல ஓட்டுவார், பெரிய வீதியில் ஓட்ட மாட்டார். ஆகவே அக்கா லைசன் எடுத்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நெடுவல். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கிளச்சை விடும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஐயாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வருவாள். தெருவில் நின்றவர்கள் பார்ப்பார்கள். அவள் பார்க்க மாட்டாள். அக்கா வாழ்க்கையில் ஆசைப்பட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அளவெட்டியில் மாப்பிள்ளை பொருந்தினார். அரசாங்க உத்தியோகம், ஒரே பிள்ளை. மாப்பிள்ளையின் தகப்பன் வீதி வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வருவதுதான் வழக்கம். ஒரே பிள்ளை என்பதால் பெண் அங்கே வந்து இருக்க வேண்டும் என்றார்கள். ஐயா தலையாட்டினார். காரும் வேண்டும் என்றார்கள். அதற்கும் ஆட்டினார். கார் எண்ணெய் குடிக்கிறது, எஞ்சினைப் புதிதாகச் செய்து தர வேண்டும் என்று ஓவசியர் சொன்னார். ஐயா அதற்கும் ஆட்டினார். இனிமேல் பெண் கார் ஓட்டக்கூடாது என்று கடைசியாக ஒன்று வந்தது. அது கேட்கவும் வேணுமே என்று ஐயா சிரித்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அம்மா அந்தச் சிரிப்பைச் சாகும்வரை மன்னிக்கவில்லை.

எஞ்சின் செய்த கராஜ் பட்டணத்தில் இருந்தது. கராஜ்காரர் ஐயாவிடம் படித்தவர், அடியும் வாங்கியவர். பிளொக்கைக் குடைந்து, புதுப் பிஸ்டனும் புது றிங்குகளும் எங்கிருந்தோ தேடிப் போட்டு, வால்வுகளைத் தேய்த்து முடிக்க ஒரு கோடைகாலமே போய்விட்டது. முதல் முதலாக ஸ்டார்ட் பண்ணும் நாளுக்கு ஐயா சாத்திரியாரிடம் நேரம் கேட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் போனோம். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, பொனற்றில் சந்தனப் பொட்டு வைத்தார்கள். கராஜ்காரர் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை ஊற்றினார். அக்காதான் உள்ளே இருந்தாள். இரண்டு தரம் இருமியது, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. புதிதாகப் பூசிய பெயின்ற் சூட்டில் கருகும் மணம் எழுந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்றால், கராஜ்காரர் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் வைத்து அதை எஞ்சின் மூடியின்மேல் நிறுத்திக் காட்டினார். ஒரு துளி சிந்தவில்லை. அக்கா கதவு வழியாகத் தலையை நீட்டி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

கராஜ்காரர் சொன்னது எனக்கும் கேட்டது. பிஸ்டனைச் சுற்றிய புது றிங் ஓடி ஓடித்தான் படியும், முதல் ஐந்நூறு மைலுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நிதானமாக, ஆனால் நாள்தோறும் ஓட வேண்டும் என்றார். ஐயா அதில் நிதானமாக என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஓட்டிய அக்காவை வேகம் கூட்ட விடவில்லை, சைக்கிள்காரர் எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

அடுத்த கிழமை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கிய பிறகு கலியாணம் முடியும்வரை பெண் வாசல் படலை தாண்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரணமாக அது சில நாள் விஷயம். எங்களுக்கு என்ன நடந்தது என்றால், பொன்னுருக்கிய கையோடு மாப்பிள்ளையின் பெரியதகப்பன் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழியட்டும் என்றார்கள். அது கழிய மார்கழி வந்துவிட்டது. தை பிறக்கட்டும் என்றார்கள். தையில் ஓவசியருக்குப் பிடித்த முகூர்த்தம் இல்லை. மாசிக்குத் தள்ளிப்போட்டார்கள். அக்கா உள்ளேயே இருந்தாள். கிணற்றடி, அடுப்படி, விறாந்தை. வாசிகசாலைக்கும் போகக்கூடாது, கோயிலுக்கும் போகக்கூடாது. கண் பட்டுவிடும், கறுத்துவிடும் என்று ஆயிரம் காரணம்.

இங்கேதான் ஐயா அந்த வேலையைச் செய்தார். முதலில் பகிடியாகத்தான் சொன்னார், காருக்கும் பொன்னுருக்கியாச்சு, அதுவும் படலை தாண்டாது என்று. பிறகு அந்தப் பகிடியை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். கொடுக்கும் பொருளைப் பாவித்துக் கொடுக்கக் கூடாது, முதல் ஓட்டம் மாப்பிள்ளைக்கு உரியது, மீற்றரில் ஒரு மைலும் ஏறக்கூடாது. கிடுகுக் கொட்டிலுக்குள் காரை விட்டு, அம்மாவின் நல்ல படுக்கை விரிப்பால் மூடினார். தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, விரிப்பை விலக்கி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உறும விட்டுவிட்டுச் சாமியறைக்குள் போவார். அவர் தேவாரம் பாடி முடிக்கும்வரை அது தன்பாட்டில் உறுமிக்கொண்டு நிற்கும். வந்து நிறுத்துவார். துடைப்பார். மூடுவார்.

கராஜ்காரர் ஒருதடவை வந்து பார்த்தார். முகம் சுருங்கியது. சேர், கொஞ்சம் ஓடினால் நல்லது என்று இழுத்தார். கலியாணம் முடிய மாப்பிள்ளை ஓடுவார்தானே என்றார் ஐயா. ஓம் சேர் என்றுவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். ஆறாம் வகுப்பில் வாங்கிய அடி அவர் வாயை நாற்பது வயதிலும் கட்டிவைத்திருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

அக்கா விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள், இதைக் கைதடிக்கு ஒருக்கால் கொண்டுபோய் வரட்டோ என்று கேட்டாள். ஐயா அதைக் கேட்காதவர் போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

மாசியில் கலியாணம் நடந்தது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை முதல் ஓட்டம் ஓடினார். மாலையோடு அத்தான், பக்கத்தில் அக்கா, பின்னால் ஓவசியரும் மனைவியும். படலையைத் தாண்டி வேகம் கொடுத்ததும் பின்குழாயிலிருந்து நீலப் புகை கிளம்பியது. வாசலில் நின்ற சனம் மூக்கைப் பொத்தியது. எரிந்த எண்ணெய் மணம் பன்னீர்ச் செம்பு வரைக்கும் வந்தது. ஐயா புதுப் பெயின்ற், புதுப் பெயின்ற் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அளவெட்டியிலிருந்து கதைகள் வந்தன. ஓவசியர் ஒவ்வொரு நாள் காலையும் காரை முற்றத்தில் நிறுத்தி, போகிற வருகிறவரைக் கூப்பிட்டு, ஸ்டார்ட் பண்ணிப் புகையைக் காட்டுகிறாராம். தலைமையாசிரியர் தந்த சீதனம் பாருங்கோ என்று சொல்லுகிறாராம். அக்கா தேநீர் கொண்டுவந்து அந்தச் சனத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். அத்தான் என்ன சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. பங்குனி முடியுமுன் ஒருநாள் கார் எங்கள் படலைக்குள் வந்தது. ஓட்டி வந்தவன் ஒரு கூலிச் சாரதி. பின் இருக்கையில் அக்கா, ஒரு சூட்கேசோடு. காரைச் சரிபண்ணிப் பிள்ளையையும் அதிலேயே அனுப்பிவிடட்டாம், புகை நின்றால் சொல்லி அனுப்பட்டாம். இதுதான் சாரதி கொண்டுவந்த சேதி.

அன்று பின்னேரம் கிணற்றடியில் அக்காவுக்கு நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். மேல்கையில் நீலமாகக் கண்டியிருந்தது. கார்க் கதவு பட்டது என்றாள். கார்க் கதவுக்கு நாலு விரல் இருக்குமா என்று கேட்கும் வயது எனக்கு இல்லை. அம்மாவுக்கு அந்த வயது இருந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சிப் பூசிவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவிடம் மட்டும், பிள்ளை கொஞ்சக் காலம் எங்களோடு இருக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தாள். புகை நிற்கும்வரை இருக்கத்தானே போகிறாள் என்றார் அவர்.

கராஜ்காரர் இம்முறை வாயைத் திறந்தார். சும்மா உறும விட்டதில் சிலிண்டர் சுவர் பளிங்கு போல வழவழப்பாகிவிட்டது, றிங் பிடிக்கவில்லை, எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. திரும்பக் கழற்றாமல் ஒரு வழி உண்டு, பாரம் ஏற்றி மிதித்து ஓட வேண்டும், சரிவந்தால் வந்ததுதான். மலைநாடு என்றால் ஏற்றத்தில் ஏற்றிவிடலாம், எங்கள் ஊரில் ஏற்றம் ஏது? ஆகவே மணல் மூட்டை ஏற்றுங்கள் என்றார். அம்மா அடுப்படி வாசலில் நின்று, பொத்திப் பொத்தி வைச்ச வினை என்று பொதுவாகச் சொன்னாள்.

யார் ஓட்டுவது? ஐயாவால் முடியாது. வெளியாளை வைத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அக்காவை ஓட்டச் சொன்னார். இப்படித்தான் அந்தச் சித்திரையில் அக்காவுக்கு ஸ்டியறிங் திரும்பக் கிடைத்தது. பின் இருக்கையில் இரண்டு மணல் மூட்டைகள், அவற்றுக்கு நடுவில் நான். முன்னால் ஐயா. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் கடல்நீரும் சேற்று மணமுமாக நீண்டு கிடக்கும் வீதியில் அக்கா மிதித்தாள். வேகம் ஏறும், பிறகு காலை எடுப்பாள், கார் தன்பாட்டில் தளரும், மறுபடி மிதிப்பாள். கராஜ்காரர் அப்படித்தான் சொல்லியிருந்தார். பின்னல் காற்றில் என் முகத்தில் வந்து அடிக்கும். சாவகச்சேரியில் நிறுத்தி ஐயா எங்களுக்கு இளநீர் வாங்கித் தருவார். அக்கா வாய்விட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினாள், ஐயாவும் தடுக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அதைவிட நல்ல நாட்கள் வாய்க்கவில்லை.

வீடு திரும்பியதும் ஐயா தன் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துண்டு ஒன்றைப் பின்குழாய்க்கு நேரே பிடிப்பார். எண்ணெய்ப் பொட்டுகள் விழும். முதலில் துண்டு முழுக்கப் புள்ளி. பிறகு குறைந்துகொண்டு வந்தது. ஐயாவின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. அக்கா பாட்டை நிறுத்தியதை நான் கவனித்தேன், காரணம் விளங்கவில்லை. வேகத்தையும் குறைத்தாள். நாவற்குழி வெளியில் சைக்கிள் வேகத்தில் கார் ஊர்ந்தது.

"அமத்து பிள்ளை," என்றார் ஐயா. "இன்னும் கொஞ்சம் அமத்து. சரிவருகுது."

அவள் அமத்தினாள், வேகம் ஏறியது. ஐயா சொன்னால் செய்கிறவள்.

சித்திரை முடியுமுன் துண்டு வெள்ளையாகவே வந்தது. ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா பார்க்காமலே உள்ளே போனாள். இரவு அவர்கள் அறையில் அம்மா நெடுநேரம் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தாள். புகை நின்ற பிறகும் வைத்திருந்தால் அது மரியாதையில்லை என்று ஐயா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். அம்மா வரவில்லை. ஐயா அந்த வெள்ளைத் துண்டை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார், ஓவசியருக்குக் காட்டுவதற்காம். அக்கா ஓட்டினாள். மல்லாகம் சந்தி கழிந்து அளவெட்டிப் பக்கம் திரும்பியதும் ஐயா ஓரமாக நிறுத்தச் சொன்னார். பெண் ஓட்டிக்கொண்டு போய் இறங்குவது அழகில்லை, இனி ஒழுங்கைதானே, நான் ஓட்டுகிறேன் என்றார். பக்கத்து வளவில் யாரோ தவில் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். அக்கா நிறுத்தினாள். எஞ்சினை நிற்பாட்டவில்லை, இறங்கவும் இல்லை. இரண்டு கையையும் ஸ்டியறிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி கேட்டாள்.

"ஐயா, புகை நிக்கேல்லை எண்டு சொல்லுவமே?"

ஐயாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தார். பிள்ளை தன் வெட்கத்தில் கதைக்கிறது என்று நினைத்திருப்பார்.

"ஏன் பிள்ளை பொய் சொல்லோணும்? கேட்டுப் பார், எவ்வளவு வடிவாய் ஓடுது. இனி நீ தலை நிமிந்து போகலாம்."

 கேட்டுப் பார்க்கச் சொன்னாரே, அக்கா கேட்டாளோ என்னவோ. பிறகு கதவைத் திறந்து இறங்கிப் பின்னால் வந்து என் பக்கத்தில் இருந்தாள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டாள். என் கையைப் பிடித்திருந்தாள்.

ஐயாவை நீங்கள் அறிவீர்கள். பொய் சொன்ன பிள்ளையை வெயிலில் முழங்காலில் நிறுத்தியவர், ஒரு பொய்யும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். ஊரெல்லாம் அதைச் சொல்லிப் புகழ்ந்து கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். எனக்கு அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு பொய்யை அவர் சொல்லியிருக்கலாம். அக்கா பின்னர் ஒருநாளும் கார் ஓட்டவில்லை. அந்த வீட்டிலேயே பிள்ளைகளைப் பெற்று, அந்த வீட்டிலேயே கிழவியாகி, போன வருடம் அங்கிருந்துதான் போனாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓவசியர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஐயா எஞ்சினை நிறுத்தாமல், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். இருவருமாகக் காரின் பின்பக்கம் போனார்கள். ஓவசியர் குனிந்து குழாயைப் பார்த்தார், கையை நீட்டி மணந்து பார்த்தார், ஐயாவின் தோளில் தட்டினார். அதன் பிறகு நிமிர்ந்து, கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்து, சரி, இறங்கு என்றார்.